பேரை அடித்த கை

உட்கார்ந்தால் மண்ணாங்கட்டியின் முழங்கால் முன்பலகையில் இடித்தது. பன்னிரண்டு வயதாகிறது, திருவொற்றியூர்ப் பள்ளியிலும் மூன்றாம் வகுப்புதான். ராயபுரத்தில் ஒரு தடவை, தண்டையார்பேட்டையில் ஒரு தடவை, இப்போது மறுபடியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு ஒப்பிப்பாள். ஆனால் சர்டிபிகேட் இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளி நம்பும்?

“மூணாவதுல இனிமே குந்த மாட்டேம்மா. நாளிக்கே வேர்க்கடல ஒடைக்கிற வேலைக்குப் போறேன்” என்று சிலேட்டை மூலையில் போட்டுவிட்டாள்.

அம்மா கன்னியம்மா சிலேட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் தேசப்பனுக்குத் துறைமுகம், உப்பளம், ரயில் பாதை என்று வேலை மாற மாற வீடும் மாறும். பள்ளியில் சொல்லிக்கொண்டு போனால் பேரை அடித்துச் சர்டிபிகேட் கொடுப்பார்கள். அந்த அடிப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது. செத்துப்போன தன் இரண்டு பிள்ளைகளின் பேரை அம்மை குத்துகிறவர் தன் நோட்டில் சிவப்பு மையால் அடித்ததை நின்று பார்த்தவள். மூன்றாவதாவது தங்கட்டும் என்றுதான் இவளுக்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாள். அதையும் அடிக்க விடுவாளா? ஒவ்வொரு முறையும் சொல்லாமல் கொள்ளாமல் மூட்டையைக் கட்டினாள்.

விடிந்ததும் மகளை இழுத்துக்கொண்டு, தண்டையார்பேட்டையில் டோல்கேட் பக்கத்துப் பழைய பள்ளிக்கு நடந்தாள்.

ஆலிஸ் டீச்சர் ரிஜிஸ்தரை விரித்தார். “உன் பொண்ணு இங்க மூணாவது முடிச்சு நாலாவதும் பாஸ். நீங்க போனதுலேர்ந்து தினம் பேரைக் கூப்பிடறேன், தினம் ஆப்சென்ட் போடறேன்.” பேனாவைச் சிவப்பு மையில் தோய்த்தார்.

“அடிக்காத டீச்சரம்மா!” கன்னியம்மா ரிஜிஸ்தர் மேல் கையை வைத்துவிட்டாள். “முன்ன எம்புள்ளைங்கோ ரெண்டு பேர அப்டிதான் நோட்டுல அடிச்சாங்கோ. ரெண்டும் மண்ணுல கீது.”

பேனா அப்படியே நின்றது. அழுதுகொண்டிருந்தவளுக்கே சட்டென்று ஒன்று தோன்றியது.

“இவளே அடிச்சிக்கட்டும். செத்த புள்ள வந்து தன் பேர அடிச்சிக்குமா?”

யாராவது வருகிறார்களா என்று டீச்சர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். மண்ணாங்கட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு கோட்டை இழுத்தாள். கன்னியம்மா இமைக்காமல் பார்த்தாள். டீச்சர் சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் திருவொற்றியூரில், ஐந்தாம் வகுப்பு சன்னலுக்கு வெளியே கன்னியம்மா நின்றாள். வாத்தியார் கடைசியாகக் கூப்பிட்டார்.

“மண்ணாங்கட்டி!”

“ஆஜர் சார்!”

தெருக்கோடி வரை கேட்டது. கன்னியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கீறா சார், எம்பொண்ணு கீறா!” என்று கத்தினாள். வகுப்பே திரும்பிச் சிரித்தது. மண்ணாங்கட்டி சிவப்பு மை போகாத விரலை ஆட்டி, போ போ என்று அம்மாவை விரட்டினாள்.