இருபது கிலோவில் ஒரு சைக்கிள்

அடுத்த வீட்டு விஷயம் தெரியாமல் குஞ்சம்மாளுக்குச் சோறு இறங்காது. எத்தியோப்பியாவில் வேலை கிடைத்த வாசுபூஜ்யன் வாத்தியார் சைக்கிளையும் ஏரோப்ளேனில் ஏற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், ராஜாங்கத்தின் மல்லாட்டை மண்டிக்கே வந்துவிட்டாள். அங்கேதான் வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் தராசில் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா வாத்தியாரே, அந்த ஊர்ல சைக்கிளே கெடையாதா?"

"இருக்கும்மா. சம்பளம் வந்து வாங்கறதுக்குள்ள எத்தினி நாள் ராப்பட்டினி கெடக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சமணர் வீட்டுப் பிள்ளை; பொழுது சாய்ந்தபின் பல்லில் பருக்கை படாது. அனந்தபுரம் பள்ளிக்கூடத்திலிருந்து அவர் மிதித்து வருகிற வேகத்தைப் பார்த்து, வீட்டில் புதுப்பெண்டாட்டியோ என்று கேட்டவர்கள் உண்டு. போகிற ஊரிலோ பள்ளிக்கூடம் ஐந்து மைல், பஸ் கிடையாது. நடந்தால் இருட்டிவிடும்.

ஏரோப்ளேன்காரர்கள் கடிதம் போட்டிருந்தார்கள்: ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலைக் கழற்றி, டயரில் காற்றை இறக்க வேண்டும். எல்லாச் சாமானும் சேர்ந்து இருபது கிலோதான்.

"காத்த எறக்கினா வெயிட்டு கொறையுமா?" என்றார் ராஜாங்கம்.

"உன் வயித்துல எறக்கினா கொறையும்" என்றாள் குஞ்சம்மாள்.

சைக்கிள் மட்டுமே இருபத்திரண்டு. வாத்தியார் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி லீலாவதியின் கையில் இரண்டு கிலோ பருப்புப்பொடி. பூண்டு, கிழங்கு தொடாத மனுஷனுக்கு அந்நிய ஊரில் அதுதான் உயிர்.

"பொடி வேணாம், லீலா."

"வெளிச்சத்துல வீட்டுக்கு வந்து, எதைச் சாப்டுவீங்க?"

சொல்லிவிட்டு அவள் ஸ்பானரை எடுத்தாள். முதலில் ஸ்டாண்டு. பிறகு கேரியர். குஞ்சம்மாள் முந்தானையால் சிரிப்பை மறைத்தாள். செயின் கவரும் மட்கார்டும் தரைக்கு வந்தபோது சிரிப்பு எங்கோ போய்விட்டது. சமையல்கட்டை விட்டு வராத பெண்ணுக்கு எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று எப்படித் தெரிந்தது? பதினேழே முக்கால். பொடியை வைத்தாள். கால் கிலோ மிச்சம்.

"சட்டை வேட்டி?" என்றார் ராஜாங்கம்.

"உடம்புல போட்டுக்கறத எவன் நிறுக்கிறான்?" என்றாள் லீலாவதி.

சித்திரை வெயிலில் நான்கு சட்டை மாட்டிக்கொண்டு, சாக்கில் கட்டிய சைக்கிளோடு வாத்தியார் பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. குஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. லீலாவதி படிக்க, குஞ்சம்மாள் கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிஷம். ஒருநாள்கூடப் பட்டினி இல்லை. சைக்கிளோடு வந்த வாத்தியார் என்று அங்கே தனக்கு ரொம்ப மரியாதை.

"கழட்டினவளப் பத்தி எதுனா எழுதியிருக்காரா?"

லீலாவதி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லக்கா."

"பரவால்ல, அத நான் சொல்லிக்கிறேன்" என்று குஞ்சம்மாள் தெருவில் இறங்கினாள்.