ரெண்டாம் தொட்டித் தண்ணீர்

1958ஆம் வருஷம், ஆடிக்காற்று அடங்கிய வாரத்தில், திண்டுக்கல் பேகம்பூர் தோல் ஷாப் மேஸ்திரி சேக் பரீதின் மூளை கரையத் தொடங்கியது. குனிந்தால் நெற்றிப் பக்கமும் நிமிர்ந்தால் பிடரிப் பக்கமும் அது தளும்புகிற சத்தம், முற்றிய தேங்காயை ஆட்டினாற்போல எதிர்வீடு வரை கேட்டது. தொழுகையில் அவர் சஜ்தாவுக்குக் குனியும்போது பக்கத்தில் நின்றவர்கள் மரியாதைக்குக் காது கேளாதவர்களாக இருந்துகொண்டார்கள். அதே வாரம் கத்தரிக்காய் விலையும் இறங்கியிருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

டாக்டர் முனியப்பனின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் இடம் போதாமல் சுவரிலும் தொடர்ந்தன. அவர் பரீதின் தலையைத் தன் காதருகே இழுத்து ஆட்டிப் பார்த்தார். இந்த வியாதி வந்தவர் எவரும் அடுத்த தை மாதத்தைப் பார்த்ததில்லை என்றார். ஜெர்மனியில் ஒரு மருந்து பரீட்சையில் இருப்பதாகவும், எலிகள் பரம திருப்தி தெரிவித்திருப்பதாகவும், மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் ஊர் என்ற பெருமை திண்டுக்கல்லுக்குக் கிட்டப்போவதாகவும் சொன்னார். "வைத்திய உலகமே நம்மளப் பாத்துக்கிட்டிருக்கு."

பரீதின் மனைவி தாஹிராவுக்கு வைத்திய உலகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். "எம் மச்சான் பொழைப்பாரா? அதச் சொல்லுங்க டாக்டரய்யா."

டாக்டர் இங்கிலீஷில் பதில் சொன்னார். தெரியாது என்பதற்கு இங்கிலீஷில் அத்தனை வார்த்தைகள் இருப்பது தாஹிராவுக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்தாலும் சரி என்று தலையாட்டினாள். வேறு எதற்கு ஆட்டுவது?

மருந்து வந்தது. கொடைரோடு ஸ்டேஷனில் பெட்டியை இறக்கிய வேகத்தில் பாதிச் சீசாக்கள் விரிசல் விட்டதால், கம்பவுண்டர் எல்லாவற்றையும் சர்பத் பாட்டில்களில் ஊற்றி, தினம் ஒன்றாகப் பரீது வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். தோல் ஷாப்பிலும் ஒரு வழக்கம் உண்டு. தோலை ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் துவர்ப்பை மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ருசி பார்த்த மிச்சத்தைக் கீழே கொட்டாமல் தொட்டிக்கே திருப்ப வேண்டும். பரீது படுக்கையில் விழுந்த பிறகு, தொட்டிக்காரர் பொம்மையன் ரெண்டாம் தொட்டித் தண்ணீரைத் தினமும் பாட்டிலில் கொண்டுவந்து அதே ஜன்னலில் வைத்தார். அதுவும் சர்பத் பாட்டில்தான். இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

வியாதி முதலில் தின்றது பரீதின் நாக்கு ருசியை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூளை கரைந்த மேஸ்திரியைக்கூட முதலாளி வைத்துக்கொள்வார். நாக்குச் செத்த மேஸ்திரியை வைத்துக்கொள்ள மாட்டார். ஆகவே ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இன்னுஞ் செத்த நேரம் ஊறட்டும் அப்பு" என்று உத்தேசமாகச் சொல்லி, மிச்சத்தைப் பொம்மையனிடமே தொட்டிக்குத் திருப்பியனுப்பினார்.

மருந்து வலப்பக்கம், ஷாப்புத் தண்ணீர் இடப்பக்கம் என்று தாஹிரா இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தெருவில் நின்று வைத்தவர்களுக்கு எது வலப்பக்கமோ, அது வீட்டுக்குள் நின்று எடுத்தவளுக்கு இடப்பக்கம். ஆக, ஜெர்மனி மருந்து ரெண்டாம் தொட்டியில் ஆட்டுத்தோல்களுக்குப் போனது. பரீது பட்டைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தாஹிரா காலையும் மாலையும் அவர் நெற்றியில் காதை வைத்துக் கேட்டாள். ஐப்பசியில் தளும்பல், களி கிண்டும் சத்தமாக இறுகியது. கார்த்திகையில் சத்தமே இல்லை. தை பிறந்தது, பரீது எழுந்து உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார்.

டாக்டர் மதுரையிலிருந்து நாலைந்து டாக்டர்களை அழைத்துவந்து, பரீதின் மண்டையைக் கதவைப்போலத் தட்டிக் காட்டினார். மாலைகூட வந்திருந்தது, டாக்டருக்கு. மருந்து குடிப்பதை விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று, தாஹிரா ஜன்னலிலிருந்து எடுத்துத் தந்த பாட்டிலைக் கொடுத்தார். பரீது ஒரு மடக்கு விழுங்கினார். செத்துக் கிடந்த நாக்கு விழித்து முகம் கோணியது.

"ஏ புள்ளே தாஹிரா! இது நம்ம ரெண்டாம் தொட்டித் தண்ணில்ல? அதுலயும் துவர்ப்பு பத்தாது!"

தாஹிரா தெருவுக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றாள். வலது கையைத் தூக்கினாள். உள்ளே வந்தாள். மறுபடி தூக்கினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றாள். "அல்லாவே, மச்சான், உங்களத் தோலு மாதிரி பதம் போட்டுட்டேனே!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற பொம்மையன் தொண்டையைச் செருமினார். "அதான் ஊறப்போட்ட தோலெல்லாம் ஆடு மாதிரி கத்துதா? மொதலாளி திட்டுவாருன்னு நான் மூச்சு விடல."

மதுரை டாக்டர்கள் மோட்டுவளையைப் பார்த்தார்கள். டாக்டர் முனியப்பன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பட்டம் ஒன்றும் இல்லாத குரலில் கேட்டார்: "அந்தத் தண்ணி ஒரு கொடம் கெடைக்குமா? நெய்க்காரப்பட்டியில ஒரு அம்மா மண்டையிலயும் இதே சத்தம் கேக்குது."

அந்த அம்மாளும் பிழைத்தாள். அதன் பிறகு ஆவாரம்பட்டை வண்டிகள் டாக்டர் வீட்டுக்கும், ஜெர்மனிப் பெட்டிகள் தோல் ஷாப்புக்குமாகப் போய்வந்தன. கத்திய தோல்களை முதலாளி வீணாக்காமல் செருப்புக்கு விற்றார். அவற்றில் தைத்த செருப்புகள் பொழுது சாய்ந்தால் பட்டிக்குத் திரும்பும் ஆடுகளைப்போலத் தாமாக வீட்டுக்கு நடந்தன. வேலை முடியாதவர்கள் அவற்றைக் கயிற்றால் கட்டிவைக்கப் பழகிக்கொண்டார்கள்.

பரீது கட்டுவதில்லை. 1967ஆம் வருஷமும் அந்திக்கு முன்னால் அவருடைய செருப்புகள் தனியே படியேறி வாசலில் நின்றன. தாஹிரா அவற்றின் புழுதியைத் தட்டிவிட்டு, அடுப்பிலிருந்து வெஞ்சனச் சட்டியை இறக்கிச் சோற்றுத் தட்டு வைத்தாள். வெறுங்காலோடு மனுஷன் தெருமுனையில் வந்துகொண்டிருப்பார்.