நீல மூடி

கடலுக்கு அடியில் இருக்கும் எரிமலையைப் பற்றிக் கரையில் யாருக்கும் கவலை கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயப்படுவார்கள்! அப்படிப் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கும் சிலர், ஊருக்கு வெளியே ஒரு மஞ்சள் கட்டிடத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை அவளுடைய அண்ணன் ‘சேத்துராணி’ என்றுதான் கூப்பிடுவான். கடலடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்து வந்து, குளிர் அறையில் அடுக்கி அளந்துகொண்டிருப்பவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அண்ணன் வீடு கட்டும் மேஸ்திரி. ஊரெல்லாம் கட்டிக் கொடுத்தவன் இருபது வருஷம் கழித்து இப்போதுதான் தனக்கென்று ஒன்று கட்டியிருந்தான், தாழ்வான கரையில், கடலைப் பார்த்து. மனை வாங்குமுன் தங்கையிடம் வந்து, “அந்தக் கடல் மலை ஒண்ணும் பண்ணிடாதே?” என்று கேட்டான். வாழ்நாளில் அவன் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“அது தூங்கப் போகுது அண்ணா. தைரியமா கட்டு” என்றாள்.

சும்மா சொல்லவில்லை. எரிமலை வெடிக்கும்போதெல்லாம் சாம்பல் தண்ணீரில் இறங்கி, அடியில் ஒரு கறுப்புப் பட்டையாகப் படியும். கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. அவள் எடுத்து வந்த குழாயில் ஏழு பட்டைகள் இருந்தன. அடிப்பட்டை ஒரு சாண் கனம். மேலே வர வர மெலிந்து, கடைசிப் பட்டை நகத்தளவுதான். மலை அடங்கி வருகிறது என்று அறிக்கையும் எழுதி முடித்தாயிற்று. சாயங்காலம் அது கரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதை நம்பித்தான் அண்ணன் வீட்டைச் சுற்றி இன்னும் நானூறு வீடுகளுக்கு அனுமதி கொடுப்பதாக இருந்தார்கள்.

அன்று மதியம் அண்ணன் சிமெண்டுக் கையோடு வந்து நின்றான்.

“நாளைக்குக் கதவு மாட்டறோம். ஞாயித்துக்கிழமை குடி போறோம். சேறு ஒரு நாள் காத்திருக்கும், லீவு போட்டுட்டு வா.”

அவன் அந்தக் கட்டிடத்துக்குள் வந்ததே இல்லை. அவள் பெருமையாகக் கூட்டிப்போய், நெடுக்கில் இரண்டாகப் பிளந்த குழாயில் ஒரு பாதியை மேசைமேல் வைத்துக் காட்டினாள். ஒரு முனையில் நீல மூடி, இன்னொன்றில் வெள்ளை.

“எங்க கப்பல்ல நீலம்னா மேல்முனை, வெள்ளைன்னா அடிமுனை. மாத்தவே மாட்டோம்.”

அண்ணன் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு குனிந்தான். மணலைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துக்கொண்டே போனவன், “ஏம்மா, உங்க கடல்ல மட்டும் கல்லு மிதக்குமா?” என்றான்.

“என்ன உளர்றே?”

“மணல்ல தூசு எவ்வளவுன்னு பாக்க, பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கி வைப்போம். பெருமணல் முதல்ல இறங்கும். தூசு கடைசியா மேல உக்காரும். இங்க பாரு, பெருசெல்லாம் நீல மூடிப் பக்கம். மாவு மாதிரி இருக்கறது வெள்ளைப் பக்கம். ஒரு பட்டை இல்ல, ஏழும் அப்படித்தான். சேத்துராணி, குழாயைத் தலைகீழா வெச்சிருக்கே!”

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். படித்தவளை மடக்கிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

அவள் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாகக் கனத்தை அளந்தவள், பட்டையின் நடுவிலிருந்தே மாதிரி எடுத்தவள், மணல் எந்தப் பக்கம் பெரிது என்று ஒரு நாள் பார்த்தாளா? குழாயை எடுத்த அன்று கப்பல் ஆடிய ஆட்டம் ஞாபகம் வந்தது. குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. ஆனாலும் என் குழாயை வேறு யாரும் தொடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். குழாயைக் கிடத்தினாள், வாளிப் பக்கம் திரும்பினாள், திரும்பி வந்து கைக்கு எட்டிய முனையில் நீல மூடியை அழுத்தினாள். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அண்ணா, உக்காரு.”

குழாயை எடுத்து முனை மாற்றி வைத்தாள். அவன் விரலால் தடவிக்கொண்டே வந்தான். அடியில் நகத்தளவு, மேலே ஒரு சாண். விரல் நின்றது, சிரிப்பும் நின்றது. அவன் ஒன்றும் மண்டு இல்லை.

“அப்போ அது தூங்கல.”

“இல்ல. ஒவ்வொரு தடவையும் பெருசாயிட்டே வந்திருக்கு. மலைச் சரிவு உடைஞ்சா அலை முதல்ல உன் கரைக்குத்தான் வரும்.”

“எப்போ?”

“தெரியாது அண்ணா. நாளைக்குன்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. எல்லாம் என் கையால வந்தது. மன்னிச்சிடு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அண்ணன் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கிள்ளி எறிந்தான். பிறகு போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டான்.

“தச்சர்கிட்ட கதவை இறக்க வேண்டாம்னு சொல்லு. நாம அங்க குடி போகல.”

“யாரு சொன்னா?” என்று அண்ணி கத்தியது வெளியே கேட்டது.

“என் தங்கச்சி சொன்னா.”

“அவதானே கட்டச் சொன்னா!”

“அவளேதான். இப்போ வேண்டாங்கறா.”

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “அழுதது போதும். நானூறு பேர் அஸ்திவாரம் தோண்டறதுக்குள்ள உன் ஆபீசுக்கு எழுது” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டாள். ‘குழாயின் முனைகளைக் குறித்ததில் தவறு செய்தவள் நான்’ என்று முதல் வரியை எழுதினாள். அதற்குள் அண்ணன் இரண்டு மூடிகளையும் கழற்றி, நீலத்தை எதிர்முனையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு தடவை அசைத்தும் பார்த்தான்.

“உனக்குன்னு மாடியில ஒரு ரூம் வெச்சேன். ஜன்னலைத் திறந்தா முழுக் கடலும் தெரியும்” என்றான்.