குழைந்த சோறு

பந்தியில் வடை வைத்துக்கொண்டு வந்தவனை அலர்மேல்மங்கை கை நீட்டித் தடுத்தாள். "அவருக்கு வாணாம்பா, மெல்ல முடியாது." வடை அவள் கணவர் முனிரத்தினத்தின் இலையையும் அவள் இலையையும் தாண்டிப் போய் அடுத்த இலையில் விழுந்தது. குடிபாலாவில் அவருடைய அக்கா பேத்தியின் கல்யாணம். எதிர்வரிசையில், ரயில்வே பணிமனையில் அவரோடு பிட்டராக இருந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் சிரித்தார். முனிரத்தினம் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டு வருஷமாக இதே பாடு. நகரி வீட்டில் சோறு குழைந்துதான் இறங்கும். கத்தரிக்காயும் அவரைக்காயும் ஒரே மசியலாக இருக்கும். கறியில் மெல்ல எதுவும் மிச்சமிருக்காது, எலும்பு தானாகக் கழன்று வரும். முறுக்கு என்ற பொருளே வீட்டுக்குள் வருவதில்லை. கேட்டால், "உன் பல்லுக்கு இதான் ஆவும்" என்பாள். அவருக்குக் கடைவாய்ப் பற்கள் சில போனது உண்மைதான். அந்த இடத்தில் பல்செட் மாட்டியிருந்தார், மற்றதெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் பக்கம் போய் வறுத்த கடலை வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு, சட்டையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு வீடு திரும்புவார். எழுபது தாண்டியும் திருட்டுக் கடலை தின்கிறோமே என்று பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் மகன் லோகேஸ்வரன் வரும்போதெல்லாம் சத்துமாவு டப்பா வாங்கிவந்தான். "நைனா, உன்னால ஒண்ணும் துன்ன முடியலியாமே." சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை.

திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வயதானவர்களின் வாய்க்கு எவ்வளவு பலமிருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறார்களாம். கேள்விப்பட்டதும் அவர் பிடித்துக்கொண்டார். "நீயும் வா. டாக்டர் சொல்றத உன் காதால கேளு." அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூட வந்தாள்.

டாக்டர் யாமினி சின்னப் பெண், தெலுங்கையும் தமிழையும் கலந்து பேசினாள். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே ஒரு குட்டி பலூனை வைத்து, நாக்கால் அமுக்கச் சொன்னாள். ப, ட, க என்று விடாமல் வேகமாகச் சொல்லச் சொன்னாள். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இதையெல்லாம் செய்வதே அவருக்குக் கடுப்பாக இருந்தது. கடைசியில் பச்சையாக ஒரு சூயிங்கம் கொடுத்தாள். நன்றாக மென்றால் அது சிவப்பாகிவிடுமாம்.

"தொந்தர வத்து தாத்தா, அவசரமில்ல, நிதானமா மெல்லுங்க."

இரண்டு வருஷக் கோபத்தையும் சேர்த்து மென்றார். துப்பியபோது சூயிங்கம் நல்ல சிவப்பாக இருந்தது.

"பாகுந்தி தாத்தா, நல்லா இருக்கு. நீங்க எது வேணா சாப்பிடலாம்."

"கேட்டுக்கினியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் சுவரைப் பார்த்தாள். யாமினி அவளையும் கூப்பிட்டாள். "மீரு கூட ரண்டி அம்மா. வந்ததுக்கு நீங்களும் பாத்துக்கோங்க."

"எனக்கு இன்னாத்துக்கும்மா."

"மெல்லேன். அதையும் பாத்துரலாம்" என்றார் முனிரத்தினம். ஜெயித்த திமிர் குரலிலேயே தெரிந்தது.

அவள் முன்பற்களால் கடித்தாள். கன்னம் மட்டும் குழிந்து குழிந்து எழுந்தது. துப்பியபோது சூயிங்கம் பச்சையாகவே இருந்தது, மேலே லேசான பல்தடம் மட்டும். யாமினி விளக்கை இழுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கடைவாயில ஒரு பல்லுகூட லேதே அம்மா. எப்பலேருந்து?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

ரயில்நிலைய பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகும் அவருக்குக் கோபம் இறங்கவில்லை. யார்மேல் கோபம் என்பதுதான் பிடிபடவில்லை. அவள் சாப்பிட்டுக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். அவருக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் தனியாகத்தான் சாப்பிடுவாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா? ஒரு ஊட்ல ரெண்டு சோறா ஆக்கறது? நீ கடமுடன்னு துன்னுவ, நான் பாத்துக்கினு குந்தியிருக்கணுமா?"

"அதுக்கு கல்யாணத்துல அத்தினி பேருக்கு முன்னால என் மானத்த வாங்குவியா?"

"உனக்கு வடை வெச்சா பாதிய பிச்சி என் எலையில போடுவ. எப்பவும் அதான பண்ணுவ." அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாருக்கும் எதிர்ல அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவர் தன் பல்செட்டை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்டயே செட்டு கட்டிக்க."

"வாணாம். இந்த வயசுல கண்டதையும் வாயில மாட்டிக்கினு."

"உன்னோட ரோதனையாப் போச்சு" என்று எழுந்து பிளாட்பாரக் கடைசிவரை போனார். வெயிலில் நின்றார். திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"வாயத் தெற."

"இங்கியா? ஜனங்க பாப்பாங்க."

"தெறன்றேன்."

தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ரயில் அறிவிப்பு முழங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் விளிம்புக்கு நகர்ந்தது. அலர்மேல்மங்கை கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். முனிரத்தினம் முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். வெளிச்சம் போதவில்லை. அவள் தாடையை ஒரு விரலால் ஏந்தி வெயில் பக்கமாக மெல்லத் திருப்பினார்.