மேல்வீட்டுத் தரை

சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கியதும் சுவரில் ஒரு வெளிறிய சதுரம் தெரிந்தது. பாய்லர் கடை ஆள் அதன்மேல் புதுப் பெட்டியை வைத்துத் திருகை முடுக்கினான். பழையதில் வீடு முழுக்க ஒரே சூடுதான். தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் ஆள் இருக்கும் அறை, இல்லாத அறை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சுட வைக்கும். புதியதில் அறைக்கு அறை தனிப் பொத்தான்.

"ஒரு ஆளுக்கு ஒரு ரூம் போதும்மா. மத்ததை மூடிட்டா கேஸ் பில்லு பாதியாயிடும்," என்றான் அவன்.

"பில்லு கெடக்கட்டும். பெரிய ரூமை மூடினா மேல்வீட்டுத் தரை ஜில்லுனு ஆகுமா, அதைச் சொல்லுங்க," என்றாள் போங்இம்.

அவன் திருப்புளியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். இப்படி ஒரு கேள்வியை அவன் தொழிலில் கேட்டதில்லை போலிருக்கிறது. பழைய கட்டடம், கீழே போட்டால் மேலே சுடத்தான் செய்யும், மூடினால் ஆறிவிடும், ஆனால் அவர்கள் தங்கள் பாய்லரைப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது என்று இழுத்தான்.

"அவங்க போட மாட்டாங்க," என்றாள் போங்இம். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு களை வந்தது.

மேல்வீட்டு மல்சூக் பாய்லர் போடாதவள் என்பது இஞ்சியோன் நகரத்தின் அந்தச் சந்துக்கே தெரியும். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட எல்லோரும் கூடும்போது, கோசுக்கு உப்புத் தடவிக்கொண்டே, தனக்குச் சூட்டு உடம்பு, டிசம்பரிலும் வீட்டில் வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று பீற்றிக்கொள்வாள். யாருடைய சூட்டில் நடக்கிறாள் என்று மற்ற பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். போங்இம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மேலே போகிற சூடு போகத்தானே செய்யும், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு அவள் கணவன் தால்சூவுக்கு நுரையீரல் கெட்டது. கொஞ்சம் குளிர் பட்டாலும் மனுஷனுக்கு மூச்சு வாங்கும். இரண்டு குளிர்காலம் பெரிய அறையின் தரையை அவள் ஆற விடவில்லை. பனி உருகுகிற சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி சாவுக் கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் காரமான மாட்டுக்கறி சூப்பும் சோறும் போட்டார்கள். மல்சூக் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடட்டும், அந்த ஊரில் சாவு வீட்டில் வயிறாரச் சாப்பிடுவதுதான் மரியாதை. ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பாவம் மனுசன். அவரு புண்ணியத்துல ரெண்டு வருசம் எங்க வீட்டுத் தரை கொதிச்சுது. இனிமே நான் எங்க போறது?" பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள்.

போங்இம் கறுப்புத் துக்க உடையில் தட்டோடு அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் சண்டை போடவில்லை. குனிந்து, மல்சூக்கின் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பேச்சைவிட, வாயை மூடிக்கொண்டு தான் ஊற்றிய தண்ணீர்தான் வசந்தமும் கோடையும் போன பிறகும் அவள் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது.

புதுப் பெட்டி வந்த அன்றே பெரிய அறையை மூடினாள். சின்ன அறையில் மட்டும் கொஞ்சம் சூடு வைத்துப் படுத்தாள். ஆற்று நீர் உறைகிற குளிர் வந்தது. காலையில் குப்பை போடப் போகும்போதெல்லாம் அண்ணாந்து மேல்வீட்டுப் புகைக்குழாயைப் பார்ப்பாள். பாய்லர் ஓடினால் அதில் வெள்ளையாக ஆவி வரும். மல்சூக் தோற்றுப்போய்ப் பாய்லரைப் போட்டாள் என்று அந்த ஆவியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. குழாய் காய்ந்து கிடந்தது. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கருவிக்கொண்டே வீட்டுக்குள் போவாள்.

ஒருநாள் மத்தியானம் மல்சூக்கே இறங்கி வந்தாள். மேலே பஞ்சுக் கோட்டு, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், கையில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவள் தரையின் குளிர் தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"போங்இம், பெரிய ரூமைக் கொஞ்சம் போட்டுக்கக் கூடாதா? இந்த வயசுல குளிர் எலும்புல ஏறிடும்டீ."

"யாருக்குப் போடணும் அக்கா? அந்த ரூம்ல ஆளு இல்லையே. சாவுக்கு வந்து ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க."

மல்சூக் விழித்தாள். போங்இம் இத்தனை மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்: "இனிமே நான் எங்க போறதுன்னு அன்னைக்குக் கேட்டீங்க. இப்பச் சொல்றேன். உங்க பாய்லர்கிட்டப் போங்க."

"அப்படியா சொன்னேன்?" மல்சூக் யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. "சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி." கிழங்குத் தட்டை வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

இவ்வளவுதானா? போங்இம் கதவை அறைந்து சாத்தினாள். தான் உறக்கம் கெட்டுச் சுமந்த சொல்லை, சொன்னவள் சாவுக் கூடத்து வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தலைக்கு மேலே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பெரிய அறைக்கு மேலிருந்து புறப்பட்டு, நடையைத் தாண்டி, சின்ன அறைக்கு மேல் வந்து நின்றது. மெத்தை. சரியாக போங்இமின் படுக்கைக்கு நேர் மேலே அதைப் போட்டு, அதில் உட்கார்ந்து ஒரு தடவை இருமினாள் மல்சூக்.

"அடிப் பாதகி," என்றாள் போங்இம் விட்டத்தைப் பார்த்து.

உடனே சின்ன அறையை மூடி, சமையல்கட்டைத் திறந்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனாள். மறுநாள் மெத்தையும் சமையல்கட்டுக்கு மேலே வந்தது. திரும்பவும் சின்ன அறை. அதுவும் வந்தது. அந்த வாரம் முழுக்க இவள் கீழே போகிற இடத்துக்கெல்லாம் அவள் மேலே வந்தாள். எந்த ஜோடியும் இப்படி ஒன்றை ஒன்று தொடர்ந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை போங்இம் பெட்டியில் எல்லா அறைகளையும் அணைத்தாள். தால்சூவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் போன பிறகு ஒரு தடவைகூட உட்காராத பெரிய அறைக்குள் போனாள். அவர் படுத்த இடத்தில் தரை விரிப்பு சூட்டில் பழுத்து, ஆள் நீளத்துக்குப் பழுப்பாக இருந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தாள். குளிர் இடுப்பு வரைக்கும் ஏறியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மேலே நடப்பது காதில் விழாது என்று அடக்கிக்கொண்டாள்.

மேலே மெத்தை அசைந்தது. சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றது. பிறகு நடைக்கு மேலே. பிறகு திரும்பவும் சின்ன அறை. சாக்ஸ் போட்ட கால் ஒவ்வொரு இடமாகத் தரையைத் தொட்டுப் பார்ப்பது கேட்டது.

"தேடு," என்றாள் போங்இம், பற்கள் கிட்டித்தபடி. "நல்லாத் தேடு."

மூச்சு வாயிலிருந்து வெள்ளையாகப் போனது. சத்தம் போகிற பக்கமெல்லாம் அவள் கழுத்தும் அண்ணாந்தபடி கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.