தலைவருக்கு மறை கழண்ட நாள்

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நோட்டீஸ். பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்பதில் தொடங்கி, லிஃப்டுக்குள் உரக்கத் தும்மக் கூடாது என்பது வரை அவர் ஒட்டாத அறிவிப்பு கிடையாது. ஒரு கையில் காகிதம், மறு கையில் செல்லோடேப். டேப்பை முன்பல்லால் கடித்து நறுக்கென்று அறுப்பார். கத்தரிக்கோல் என்றொரு பொருள் உலகத்தில் இருப்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அந்த முன்பற்கள் இரண்டும் மாடிப்படியில் போயின. மேல்மாடிக்காரர் ஒருவரை அண்ணாந்து திட்டிக்கொண்டே கீழே இறங்கினால் வேறென்ன ஆகும்? பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். இவருக்குச் சொல் போகவில்லை, காற்றுதான் போயிற்று. "சட்டப்படி" என்று ஆரம்பித்தால் சைக்கிள் டியூபில் முள் குத்திய சத்தம் வரும். கூட்டத்தில் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்வோம். சிரிப்பை அடக்கச் செருப்பைவிட நல்ல இடம் இல்லை.

தலைவர் பதவி அவருக்கு உயிர். சம்பளமில்லாத அந்த நாற்காலிக்குப் போட்டியே வராமல் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவர், அடுத்த தேர்தலுக்குள் வாய் சரியாக வேண்டும் என்று பல் டாக்டரிடம் ஓடினார். அந்த அம்மா, கழற்றி மாட்டும் பல்செட்டும் இருக்கிறது, பக்கத்துப் பற்களைத் தேய்த்துப் பாலம் போலக் கட்டுவதும் இருக்கிறது, தாடை எலும்பிலேயே ஊன்றும் இம்ப்ளாண்ட்டும் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். பல்செட்டை டம்ளரில் போட்டுவைப்பதெல்லாம் கிழவன்கள் வேலை என்று இவர் இம்ப்ளாண்ட்டைப் பிடித்துக்கொண்டார். இவர் மட்டும் நேற்றுத்தான் காலேஜ் முடித்தாராக்கும்.

ஒரு காலத்தில் இவர் வண்டி உதிரிபாகக் கடை நடத்தியவர். அதனால் ஊருக்கெல்லாம் பல் வைத்தியத்தை போல்ட்டு நட்டுக் கணக்கில் விளக்கினார். எலும்புக்குள் மறை போட்ட ஆணியை இறக்குவார்கள், எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், அப்புறம் மேலே பல்லை வைத்துச் சின்ன மறையால் இறுக்குவார்கள் என்று லிஃப்ட் மேலே போய்ச் சேரும்வரை பாடம் நடக்கும். அந்த வீட்டில் திருகாணிக்குப் பெயரே மறைதான். மிக்ஸி மூடி ஆடினாலும் மறை, மூக்குக்கண்ணாடிக் கம்பி கழன்றாலும் மறை. தாலி கட்டிய நாளிலிருந்து அவர் மனைவி அந்தப் பாஷைக்குப் பழகிவிட்டார்.

எலும்பு பிடிக்கும்வரை அந்த அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, மசித்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், மனுஷன் சாப்பிடுவதா இது என்று கேட்பார். மனுஷன் சாப்பிடுவதைக் கொடுத்தால், பல்லில்லாதவனுக்கு இதைத் தருகிறாயே என்பார்.

ஒருவழியாகப் பல் ஏறியது. அதுவரை அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பார்த்தபிறகுதான், சிரிக்காமல் இருந்தது எங்களுக்குச் செய்த உபகாரம் என்று புரிந்தது. கடித்துப் பிய்க்கிற வேலை எதையும் முன்பல்லுக்குக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாராம். இவர் வீட்டுக்கு வந்ததும் தேர்தல் நோட்டீஸ் எழுதி, மாடிக்கு மாடி டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினார். தேர்தலன்று காலையில் ஒரு பல் நன்றாகவே ஆட ஆரம்பித்துவிட்டது.

விடுமுறை நாள், கிளினிக் பூட்டு. வாயைத் திறக்கப் பயந்து அவர் உட்கார்ந்திருக்க, அக்கா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். கீழ்வீட்டு பால்கனியில் டியூஷன் டீச்சர், தடையை மீறித் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது இது.

"டாக்டர், அவருக்கு மறை கழண்டுடுச்சு. ஆமா, காலையிலதான் கவனிச்சேன். ரெண்டு நாளாவே லேசா ஆட்டம் இருந்திருக்கு, சொல்லாம மறைச்சுட்டாரு. சரி, நாளைக்கே கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் பேச விடாம பாத்துக்கறேன். எதையாவது முழுங்கிடுவாரோன்னுதான் பயமா இருக்கு."

பல் என்ற சொல் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. டீச்சர் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் யாரிடமும் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, கேட்டதைக் கேட்டபடிதான் சொன்னேன். மத்தியானத்துக்குள் கடைசி மாடிவரை போய்ச் சேர்ந்தபோது, அவர் ஸ்டேப்ளர் பின்னை விழுங்கிவிட்டதாக ஆகியிருந்தது.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். தலைவர் வாயை இறுக மூடிக்கொண்டு வந்தார். வணக்கம் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. நேற்றுவரை அவரைக் கண்டு நடுங்கிய ஜனம் இன்று குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒருவர் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார். பொருளாளர் மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பாவை நைசாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சாரின் உடம்பை உத்தேசித்து இந்தத் தடவை வேறொருவர் பொறுப்பேற்கலாமே என்று தேனாகக் குழைந்தார். அவருக்கு அந்த நாற்காலிமேல் பல நாளாகவே ஒரு கண்.

தலைவருக்கு விஷயம் புரிந்ததும் எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. மறை கழண்டது எனக்கில்ல, பல்லுக்கு."

சொல்லும்போதே அந்தப் பல் கதவுபோலப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. பல்லுக்குப் பைத்தியம் பிடித்திருப்பதாகச் சொல்கிறார் என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் கொடுத்தார். பாவம், இவர்கள் எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை என்றார் இன்னொருவர்.

தலைவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். கூட்டத்தில் அந்த அக்கா வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. முன்னொரு தடவை தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏதோ சொல்ல எழுந்தவரை, "உனக்கு என்ன தெரியும், உக்காரு" என்று எல்லார் முன்னாலும் உட்கார வைத்தவர்தானே இவர்.

"நீயே சொல்லு இவங்களுக்கு," என்றார் இப்போது.

அக்கா எழுந்தார். பல் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாற்காலி கணவருக்கே. பொருளாளருக்கு வியர்த்தது. தலைவரோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காக மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

"நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றார் அக்கா நிதானமாக. "ரெஸ்ட் குடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க வேற ஆளைப் போட்டுக்குங்க."

ரெஸ்ட் வாய்க்கா, ஆளுக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. கைதூக்கி முடித்துப் பொருளாளரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் அந்தப் பல்லைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, மறையை இறுக்கி அனுப்பிவிட்டார். அவ்வளவு சின்ன வேலை. தனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று காட்ட, இப்போது அவர் எதிர்ப்படுகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரிக்கிறார். லிஃப்டில் நிற்பவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் ஏறிக்கொள்கிறார்கள்.

மனசு கேட்காமல் அக்காவிடம் போய், பல்லென்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் கடலையை முழுசு முழுசாக வறுத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க பல்லைப் பத்தியா கேட்டாங்க? இவரால தலைவரா இருக்க முடியுமான்னு கேட்டாங்க," என்றார். "முடியாதுன்னு எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்."