இழுப்பறை திறக்காத காலை

வீட்டுக்குள் கால் வைத்ததும் என் புருஷன் கிளைவ் என்னிடம் கேட்டது, "காலையில ஏன் உன் பையை எடுத்துட்டுப் போகல?" என்பதுதான்.

நான் அப்போதுதான் தர்ஸ்க் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து, குதிரையை லாயத்தில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன். என் ஒரு கையில் பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி, அக்குளில் நுரைக்கும் ஒயின். மூன்று வருடமாக நான் தீனி போட்டு, சாணி அள்ளி, கால் வீங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து பனிக்கட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிற காப்பர் திம்பிள் என்ற செம்பழுப்புப் பெண்குதிரை, வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயித்திருந்தது. இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். ஜெயித்த குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜனங்களுக்கு நடுவில் நடந்து வருவது எனக்கு இன்னும் பழகவில்லை. வழியெல்லாம் காரில் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். கிளைவ் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான், வாசலிலேயே வந்து நிற்பான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

"எந்தப் பை?" என்றேன்.

"பின்னல் பை. சீப்பு, ஊசி, நூலெல்லாம் வச்சிருக்கியே, அது. டிராயரைத் திறக்கவே இல்ல நீ."

அவன் முகம் வெந்த பன்றித்தொடை நிறத்தில் இருந்தது. அவனுக்கு முன்னால் சமையலறை மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. முதுகு வலியென்று நகராட்சி வேலையை விட்டுவிட்டு வந்தபின் அவனுக்கு அதுதான் உலகம். குதிரை தோற்கும் என்று பந்தயம் கட்டுவான். "ஜெயிக்கிறது எதுன்னு மடையன்தான் தேடுவான், கண்ணு. பத்து குதிரை ஓடினா ஒன்பது தோக்கத்தானே போகுது" என்று ஆரம்பத்தில் எனக்குப் பாடம் எடுத்தான். பந்தயத்தைக்கூட அவன் கையால் கட்டுவதில்லை. ஒரு மென்பொருளில் நிபந்தனைகளை எழுதி வைத்துவிடுவான். இத்தனை குதிரைகள் ஓடினால், பந்தய விலை, அதாவது ஒன்றுக்கு எத்தனை மடங்கு என்பது, இத்தனைக்குள் இருந்தால், ஓட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அதுவே கட்டிவிடும். மனிதன் தூங்கலாம். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன்.

"டிராயரை நான் திறந்தேனா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்? எட்டு மணி வரைக்கும் நீ போர்வைக்குள்ளதான இருப்ப?"

அவன் லேப்டாப்பை மெதுவாக மூடப் போனான். நான் பேஸ்ட்ரியையும் ஒயினையும் கீழே வைத்துவிட்டு அதைப் பிடுங்கித் திருப்பினேன்.

நான்கு வரிகள். எட்டு குதிரைகளுக்கு மேல் ஓட வேண்டும். விலை மூன்றிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். குதிரை திருமதி ஹெஸ்கெத்தின் லாயத்தினுடையதாக இருக்க வேண்டும். அது என் முதலாளியம்மாவின் லாயம். நான்காவது வரியில் என் பெயர் இருந்தது. லொரைன் இழுப்பறை, காலை நாலு முதல் ஆறு வரை, திறக்கவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில், பழைய சாவி, பேட்டரி, பிறந்தநாள் மெழுகுவத்தி என்று கண்டதையும் போட்டு வைக்கிற இழுப்பறைதான் அது. லாயத்தில் வைத்தால் யாராவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பின்னல் பையை அதில்தான் வைப்பேன். கோடையில் அதன் உட்புறம் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டியை ஒட்டியிருந்தான். கேட்டதற்கு, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்கும் கருவி என்றான். பாவம், வீட்டைப் பற்றி அக்கறை வந்துவிட்டதே என்று அன்று அவனுக்கு ஆப்பிள் கேக் செய்து கொடுத்தேன்.

எனக்கு ஒரு பழக்கம். பந்தயத்துக்கு அழைத்துப் போகிற எல்லாக் குதிரைக்கும் பிடரி மயிரைப் பின்னமாட்டேன். பின்ன முக்கால் மணி நேரம் ஆகும், குதிரையும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். இன்று இது ஓடும் என்று மனதுக்குப் பட்டால்தான் பின்னுவேன். படாவிட்டால் தண்ணீர் தொட்டு வாரிவிட்டுக் கூட்டிப் போவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எந்தக் குதிரையோடு போகிறேன் என்பதை முந்தைய நாள் சாப்பாட்டில் நானே அவனிடம் சொல்லிவிடுவேன். மீதியை இழுப்பறையிலிருந்த வெள்ளைப் பெட்டி லேப்டாப்புக்குச் சொல்லிவிடும்: திறக்கவில்லை என்றால் பின்னல் இல்லை, எனக்கு நம்பிக்கையும் இல்லை.

"எத்தனை தடவை?"

"லொரைன்..."

"எத்தனை தடவைன்னு கேட்டேன்."

"எட்டு. எட்டுமே தோத்துச்சு." சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "உனக்கு வராத ஞானம் எனக்கு வந்துடுச்சு போ. குதிரைங்க விஷயத்துல உன் உள்மனசு இருக்கே, அது தங்கம். ஆனா இன்னிக்கு நீ என்னை வச்சு செஞ்சுட்ட. டிவியில பாத்தேன், கழுத்து பூரா பின்னல்! நான் நிறுத்தப் போறதுக்குள்ள அது கட்டிடுச்சு. வந்ததெல்லாம் ஒரே ஓட்டத்துல போச்சு. கண்டுபிடிச்சுட்டு வேணும்னேதான செஞ்ச?"

எங்கள் லாயத்துக் குதிரை தோற்கும் என்று லாயத்தில் சம்பளம் வாங்குகிற யாரும் பந்தயம் கட்டக்கூடாது. அடுத்தவர் பெயரிலும் கூடாது, அதற்காக ஒரு வார்த்தை கசியவிடவும் கூடாது. பதினெட்டு வயதுப் பெண் வேலைக்குச் சேரும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற விஷயம் இது. மாட்டினால் உரிமம் போகும். உரிமம் போனால் இங்கிலாந்தில் எந்த லாயத்து வாசலிலும் நான் நிற்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. ஒரே முகவரி, ஒரே குடும்பப் பெயர், எட்டுக் குதிரை. இதைக் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரன் யாரும் வேண்டாம்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது உரிமத்துக்காக இல்லை.

வலது கையை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

போன சனிக்கிழமை ஒரு இளங்குதிரை மிரண்டு கயிற்றை இழுத்ததில் என் கட்டைவிரல் இரும்பு வளையத்துக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து, விரல் ஊறுகாய் பீட்ரூட் நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது. ஊசியைப் பிடிக்க முடியாது. அதனால்தான் பையை எடுக்கவில்லை. இன்று காலை லாயத்தில் என்னோடு வேலை செய்கிற பெவ் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த விரலை வச்சிக்கிட்டு நீ பின்னிக் கிழிச்ச. தள்ளுடி அந்தப் பக்கம்" என்று தன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் பின்ன, நான் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"இது என்ன?" என்றான் கிளைவ்.

இது என்ன! ஆறு நாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னேன், ம் கொட்டினான். திங்களன்று வெங்காய ஊறுகாய் பாட்டிலை நீட்டித் திறந்து கொடு என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் திறந்து கொடுத்தான். ஆறு நாளாக இடது கையால் டீ குடிக்கிறேன். இவனுக்கு எதிரில் உட்கார்ந்து.

"மூணு மாசமா என்னை வேவு பாத்திருக்க. அதைக்கூட நீ பாக்கல, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விட்டுப் பாத்திருக்க. ஒரே ஒரு நாள் எழுந்து வந்து கதவோரமா திருட்டுத்தனமா எட்டிப் பாத்திருந்தாகூட இந்த விரல் உன் கண்ணுல பட்டிருக்கும். உன் பந்தயமும் போயிருக்காது."

"சரி கண்ணு, தப்புதான். எல்லாத்தையும் அழிச்சிடறேன். யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"எட்டு குதிரையையும் நான்தான் நடத்திக் கூட்டிட்டுப் போனேன், கிளைவ்."

"அதைத்தான் சொல்றேன். போய் உளறினா மொதல்ல மாட்டறது நீதான்."

அது உண்மை. அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. நான் அந்த இழுப்பறையைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்தேன். கட்டைவிரலில் உயிர் போனது. சாவியும் மெழுகுவத்தியும் வெள்ளைப் பெட்டியும் பின்னல் பையுமாக அதை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

"டிராயரோட எங்க போற? பைத்தியமா உனக்கு?" என்று அவன் கத்துவது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மேசையிலிருந்த லேப்டாப் இரண்டு முறை மணியடித்தது. இழுப்பறை திறந்துவிட்டதாம்.

காரில் பக்கத்து இருக்கையில் இழுப்பறையை வைத்தேன். கிளம்பியதும் கார் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று. இன்னொரு புத்திசாலி இயந்திரம். வண்டியை ஓரம்கட்டி, இழுப்பறைக்கு இடது கையால் பெல்ட் மாட்டிவிட்டேன். மால்டன் ஊரைத் தாண்டி லாயம் வரைக்கும் பேட்டரிகள் உருண்டுகொண்டே வந்தன. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா, நம்ம குதிரைங்க தோக்கும்னு என் வீட்டிலிருந்து பந்தயம் கட்டியிருக்காங்க. எப்படிச் சொன்னாலும் என் வேலை போகிற வாக்கியமாகவே அது இருந்தது.

ஏழரை மணிக்கும் வெயில் இருந்தது. காப்பர் திம்பிள் பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டியது. பின்னல்களை இன்னும் யாரும் பிரித்துவிடவில்லை. பெவ் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள், என்னால் முடியவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டுத் திருமதி ஹெஸ்கெத் ரப்பர் பூட்ஸோடு அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு. என் இடுப்பிலிருந்த இழுப்பறையைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவர் பார்வை அதைப் பிடித்திருந்த கைக்கு வந்தது.

"ஏம்மா லொரைன், இந்த விரலை இன்னும் டாக்டர்கிட்ட காட்டலையா நீ?"

நான் இடது கையால் வெள்ளைப் பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.